மொட்டை மாடியில் மிளகு

எனக்குக் கோவில்பட்டியில் பிளம்பிங் சாமான் கடை. 20 வருடமாக பைப், அதை வளைக்க எல்போ, கிளை பிரிக்க டீ, இரண்டைச் சேர்க்க கப்ளிங், முனையை மூட எண்ட் கேப் என்றே பொழுது போகிறது. போன மாதம் கடைப்பையன் கணக்கு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து கேட்டான். "அண்ணாச்சி, ஒரு இஞ்ச் பைப் 6 லென்த், எல்போ 24, டீ 30ன்னு மிளகு பேர்ல பற்று எழுதியிருக்கு. யாரு அந்தப் பார்ட்டி? ஒரு பைசா வரவு இல்லையே!"

மிளகு எங்கள் வீட்டு நாய்.

பைபாஸ் ரோட்டு டீக்கடைப் பக்கம் நாலு மாதக் குட்டியாகக் கிடந்தவள். கறுப்பு உடம்பு, கண்ணுக்கு மேலே இரண்டு பழுப்புப் பொட்டு, ஒட்டின வயிறு, உடம்புக்குச் சம்பந்தமில்லாத நீளத்தில் கால்கள். பார்க்கிறவர்கள் எல்லாம் கன்னி நாய் என்கிறார்கள். காதைப் பார்த்தால் சுத்தமான தெருநாய்க் காது. ஆக, கலப்பு. அம்மாவிடம் கேட்டால், "அதுக்கு எதுக்குலே சாதி, தின்னுட்டுக் கெடக்கட்டும்" என்பாள்.

தின்றுவிட்டுக் கிடக்கவில்லை என்பதுதான் பிரச்சினை. எங்கள் பக்கத்துக் கன்னியும் சிப்பிப்பாறையும் முயல் விரட்டுவதற்கென்றே வளர்த்த நாய்கள். மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி ஓடுகிறவை. இப்போது வனவிலங்குச் சட்டப்படி முயல் விரட்டினால் கேஸ். விரட்ட முயல் இல்லாத நாய் எதை விரட்டும்? மிளகு பால்காரர் வண்டியை விரட்டினாள். அணிலை விரட்டினாள். அம்மாவின் செருப்பில் மூன்று ஜோடி போனது. பிறகு என் மகள்தான் ஒருநாள் போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். நாய் ஒன்று கம்பிகளுக்கு நடுவே பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகிறது, குழாய்க்குள் புகுந்து வருகிறது, பலகையில் ஏறி இறங்குகிறது. பக்கத்திலேயே ஒரு ஆள் மூச்சு வாங்க ஓடுகிறார். "அப்பா, இதுல பாதிக்கு மேல உங்க கடைச் சாமான்தான்" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைதான். நாய்களுக்கான இந்தத் தடை ஓட்டத்துக்கு அஜிலிட்டி என்று பெயர் என்பதே அன்றைக்குத்தான் தெரியும். 1978இல் லண்டனில் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவில் கூட்டம் கலைந்துவிடாமல் இருக்க ஏதாவது செய்யலாம் என்று குதிரைத் தாண்டல் போட்டியைப் பார்த்து நாய்களுக்கு அமைத்தார்களாம். நாடகத்தில் காட்சி மாற்றும் நேரத்துக்கு பபூன் வந்து போவானே, அது மாதிரி. பபூனை மக்களுக்குப் பிடித்துவிட்டது. இரண்டே வருடத்தில் அங்கே அதை முறையான விளையாட்டாக ஏற்றுக்கொண்டார்கள்.

எங்கள் வீட்டைச் சுற்றி இருப்பது கரிசல் மண். கோடையில் வாய் பிளந்து கிடக்கும், நாயின் கால் உள்ளே போனால் ஒடிந்துதான் வரும். மழையில் ஒவ்வொரு காலிலும் அரைக் கிலோ ஒட்டும். அதனால் மொட்டை மாடி. ஆனால் சிமெண்டுத் தரையில் குதிக்கவிட்டால் மூட்டு போய்விடும் என்று மாட்டு டாக்டர் எச்சரித்தார் (ஊரில் எல்லா மிருகத்துக்கும் அவர்தான்). தொழுவத்தில் மாட்டுக்கு அடியில் போடும் ரப்பர் மேட் இருக்கிறது அல்லவா, அதை 8 வாங்கிப் போட்டேன். கனம், வழுக்காது, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவலாம். வெளிநாட்டு ரப்பர் தரையெல்லாம் தேடி அலைய வேண்டாம்.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். வளரும் நாயின் எலும்பு நுனிகள் இன்னும் இளசாக இருக்கும், ஒன்றேகால் ஒன்றரை வயது வரைக்கும் உயரம் தாண்டவிடாதே என்று. சர்வதேசப் போட்டிகளிலும் 18 மாதம் ஆகாத நாயைச் சேர்ப்பதில்லை. ஆக முதல் ஒரு வருடம் தாண்டல் இல்லை. பைப்பைத் தரையில் கிடத்தி நடக்கவிட்டேன். ஏணியைப் படுக்கப் போட்டு ஒவ்வொரு படிக்கும் நடுவில் காலெடுத்து வைத்து வரப் பழக்கினேன். நாய்க்குத் தனக்குப் பின்னங்கால் இருப்பதே பெரும்பாலும் நினைவிருக்காது. முன்னங்கால் போகிற வழியில் அது பாட்டுக்கு வரும் என்று விட்டுவிடும். இதற்கு ஒரு பயிற்சி: இரண்டு செங்கல்லை ஒட்டி வைத்து அதன்மேல் முன்னங்கால் இரண்டையும் நிறுத்திவிட்டு, நாம் சுற்றி நடக்க வேண்டும். நாய் முன்காலை எடுக்காமல், பின்காலை மட்டும் நகர்த்திச் சுற்றி வர வேண்டும். முதல் வாரம் மிளகு செங்கல்மேல் உட்கார்ந்துகொண்டு என்னை வேடிக்கை பார்த்தாள். மூன்றாவது வாரம் ஆட்டுக்கல் குழவி மாதிரி சுற்றினாள்.

ஒன்றரை வயது ஆனதும் தாண்டலுக்குச் சட்டம் செய்தேன். இங்கேதான் என் தொழில் என்னைக் கவிழ்த்தது. இரண்டு பக்கமும் காலுக்கு டீ, குறுக்கே ஒரு பைப். எல்லா மூட்டிலும் சால்வெண்ட் சிமெண்ட் (பைப் ஒட்டும் பசை) தடவி, திருகி, அரை நிமிடம் பிடித்து வைத்து, அசைத்துப் பார்த்து, நானே என் வேலையை மெச்சிக்கொண்டேன். கல் மாதிரி நின்றது. மிளகு ஓடி வந்தாள், கொஞ்சம் முன்னாலேயே எம்பிவிட்டாள், பின்னங்கால் பைப்பில் இடித்தது. பைப் அசையவில்லை. அவள் முகம் மேட்டில் தேய, ஒரு உருளல். அடி பெரிதாக இல்லை. ஆனால் அதற்குப் பிறகு 15 நாள் அந்தச் சட்டத்தின் பக்கமே வரவில்லை. நான் கூப்பிட்டால் மாடிப்படியில் நின்று தலையை மட்டும் நீட்டுவாள்.

குறுக்குக் கம்பி தட்டினால் விழ வேண்டும். விளையாட்டின் விதியே அதுதான். எனக்கோ கழன்று வருகிற பைப் என்றால் மானக்கேடு, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு போன் வரும். மறுநாள் ஆக்ஸா பிளேடால் அறுத்து, பைப்பைப் பாதி வெட்டி வைத்த கப்ளிங்கின்மேல் சும்மா உட்காரும்படி மாற்றினேன். பிறகு உயரத்தை மறுபடி தரைக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு வாரமும் ஒரு செங்கல் கனம் ஏற்றினேன். இப்போது 40 சென்டிமீட்டரில் நிறுத்திவிட்டேன். அவள் உயரத்து நாய்களுக்குப் போட்டியில் 60 வரை வைப்பார்கள். எனக்குப் போட்டியும் இல்லை, அவளுக்கு உதிரி மூட்டும் என் கடையில் இல்லை.

தீனி விஷயம். ஆரம்பத்தில் கோழி ஈரல். வேகவைத்து நிலக்கடலை அளவுக்கு நறுக்கி, ஒரு டப்பாவில் எண்ணி 30 துண்டு. 30 தீர்ந்தால் வகுப்பு முடிந்தது, எவ்வளவு நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் சரி. தினமும் ஈரல் கொடுத்தால் வைட்டமின் ஏ அதிகமாகிவிடும் என்று டாக்டர் சொன்னதால் இப்போது வாரத்தில் இரண்டு நாள் ஈரல், மற்ற நாள் நெஞ்சுக்கறி, சில நாள் கேரட். கேரட் நாளில் ஓட்டம் கொஞ்சம் சுமார்தான்.

வீடியோக்களில் ஓடுவது பெரும்பாலும் பார்டர் காலி நாய்கள். ஆடு மேய்க்கப் பழகிய வம்சம். மேய்ப்பன் ஒரு விசில் அடித்தால் ஐம்பது தடவை வேண்டுமானாலும் திரும்பச் செய்யும். மிளகு அப்படி இல்லை. ஒரு வேலையை மூன்று தடவை சரியாகச் செய்வாள். நாலாவது தடவை கேட்டால், "தெரியும்னுதான் காட்டிட்டேனே" என்கிற பார்வை. ஐந்தாவது தடவை கைப்பிடிச் சுவர் ஓரம் போய்ப் படுத்துவிடுவாள். ஆரம்பத்தில் இதைத் திமிர் என்று நினைத்துக் குரலை உயர்த்தினேன். உயர்த்த உயர்த்த அவள் தரையை மோந்துகொண்டு தள்ளிப் போனாள். பயிற்சிக்கு நடுவில் நாய் திடீரென்று தரையை மோந்தாலும், கொட்டாவி விட்டாலும், நனையாமலே உடம்பை உதறினாலும் பெரும்பாலும் அங்கே தூக்கமும் இல்லை, வாசனையும் இல்லை. அதற்கு நெருக்கடியாக இருக்கிறது என்று பொருள். இது தெரிய எனக்கு ஆறு மாதம் ஆனது. இப்போது ஐந்து நிமிடம், அப்புறம் தண்ணீர், அப்புறம் ஐந்து நிமிடம். முடிந்தது.

நேரமும் அப்படித்தான். சித்திரை வைகாசியில் காலை ஐந்தரைக்குத் தொடங்கி ஆறேகாலுக்குள் இறங்கிவிடுவோம். நாய்க்கு நம்மைப் போல வேர்த்துக் கொட்டாது, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைக் கழிக்க வேண்டும். புறங்கையைத் தரையில் வைத்துப் பார்ப்பேன். வைத்திருக்க முடியாவிட்டால் அன்றைக்கு லீவு.

சீசா என்கிற ஏற்ற இறக்கப் பலகைக்குச் சத்தம்தான் பகை. நாய் ஏறி நடு தாண்டியதும் மறுமுனை தரையில் 'டமார்' என்று இறங்கும். எட்டடிப் பலகைக்கு நடுவில் ஒரு பைப்பை அச்சாகக் கொடுத்து, இரண்டு முனைக்கும் கீழே பழைய மெத்தையை மடித்துப் போட்டேன். அவளை ஏற்றவே இல்லை. முனையில் ஒரு கால் வைத்து அழுத்தி, பலகை மெத்தையில் 'பொத்'தென்று இறங்கினால் ஒரு துண்டு. சத்தம் வரவைத்தால் கறி வரும் என்று பிடிபட்டதும் அவளே போய்ப் போய் அழுத்தினாள். பிறகு மெத்தைக்குப் பதில் கம்பளி, கம்பளிக்குப் பதில் சாக்கு, கடைசியில் ரப்பர் மேட். தீபாவளி வெடிக்குக் கட்டிலுக்கடியில் நடுங்குகிற நாய், இந்த ஒரு டமாருக்கு மட்டும் வாலாட்டுகிறது.

கம்பி வளைவுதான் பெரும்பாடு. போட்டியில் 12 கம்பி, ஒவ்வொன்றுக்கும் 60 சென்டிமீட்டர் இடைவெளி. நாய் எந்தப் பக்கம் இருந்து வந்தாலும் முதல் கம்பி அதன் இடது தோளை ஒட்டி இருக்கும்படிதான் நுழைய வேண்டும். நாம் எந்தக் கையால் காட்டினாலும், எந்தப் பக்கம் ஓடினாலும் இது மாறாது. மாடியில் கம்பி நட முடியாதே. வெல்டிங் பட்டறையில் நீளப் பட்டையில் 60க்கு ஒரு நிப்பிள் (சின்னக் குழாய்த் துண்டு) பற்றவைக்கச் சொன்னேன். "துணி காயப்போடவா அண்ணாச்சி?" என்றார். நாய் நுழைந்து நுழைந்து போக என்றேன். அதற்கப்புறம் கேள்வி இல்லை, கூலியில் மட்டும் 50 ரூபாய் குறைத்துக்கொண்டார். இரக்கப்பட்டிருக்க வேண்டும்.

முதலில் இரண்டே கம்பி. வாசல் மாதிரி நிறுத்தி, நடுவே புகுந்தால் அவள் மூக்குக்கு நேர் எதிரே துண்டை எறிவேன். என் கையில் இருந்து கொடுத்தால் என்னைப் பார்த்தே ஓடுவாள். முன்னால் விழுந்தால்தான் முன்னால் பார்த்து ஓடுவாள். பிறகு அந்த வாசலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, இரண்டாவது வாசலைப் பின்னால் வைத்து, இரண்டையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். கடிகார முள் நகர்வது மாதிரி நகர்த்த வேண்டிய இடம் இது. அவசரப்பட்டால் நடுவில் ஒரு கம்பியை விட்டுவிட்டு வெளியே வந்து, எல்லாம் முடித்த முகத்தோடு நிற்பாள். ஆடியில் தொடங்கியது, தை பிறந்தபோது 6 கம்பி. இன்றைக்கும் 6தான். அந்த 6க்கே முதுகு மீன் மாதிரி நெளிவதை ஒருநாள் பார்க்க வேண்டும்.

சரி, இவ்வளவும் தனித்தனியாக வந்துவிட்டது. சேர்த்து ஓடவிட்டபோதுதான் சண்டை. மூன்று தாண்டல், அதற்கப்புறம் இடது பக்கம் ஏறும் பலகை, வலது பக்கம் குழாய். குழாய் என்பது பிள்ளைகள் விளையாடும் துணி டனல்தான், உருளாமல் இருக்க மணல் மூட்டை அணைகொடுத்தது. நான் "ஏறு!" என்பேன். அவள் குழாய்க்குள் போவாள். மறுபடி "ஏறு!" மறுபடி குழாய். ஏழெட்டு நாள். குழாய் அவளுக்குப் பிடிக்கும், அதனால் ஏமாற்றுகிறாள் என்று முடிவுகட்டிவிட்டேன். அம்மாமேலும் ஒரு சந்தேகம் இருந்தது. குழாய்க்கு நான் பழக்கிய வார்த்தை "உள்ள". சாயங்காலம் நாயை வீட்டுக்குள் விரட்ட அம்மா சொல்வதும் "உள்ள போ". நாய் நேரே மாடிக்கு ஓடிக் குழாய்க்குள் உட்கார்ந்துகொள்ள, அம்மா தெருவில் தேடின கதையும் நடந்திருக்கிறது. குழாய்க்கு "பொந்து" என்று வார்த்தையை மாற்றினேன். அப்போதும் "ஏறு" என்றால் பொந்துதான்.

மகள் தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்து படம் பிடித்தாள். ஸ்லோமோஷனில் போட்டுக் காட்டினாள். மூன்றாவது கம்பியை நெருங்கும் மிளகு, காலைத் தூக்குவதற்கு முன்னால் ஒரு நொடிக்கும் குறைவாக என் பக்கம் பார்க்கிறாள். என் முகத்தை இல்லை, இடுப்புக்குக் கீழே. அந்த நேரத்தில் என் வலது பாதம் குழாயைப் பார்த்து ஊன்றியிருக்கிறது. தோள் குழாய்ப் பக்கம் திரும்பியிருக்கிறது. பலகையில் இடித்துக்கொள்ளாமல் இருக்க நான் ஒதுங்குகிறேன், அவ்வளவுதான். கை மட்டும் இடது பக்கம் நீண்டு, வாய் "ஏறு" என்று பிளந்திருக்கிறது. அவள் தாண்டும்போதே, காற்றில் இருக்கும்போதே, உடம்பை வலது பக்கம் வளைத்துவிட்டாள்.

மகள் படத்தை நிறுத்திச் சொன்னாள். "அப்பா, அது நீங்க காமிச்ச எடத்துக்குத்தான் போகுது. வாயிலதான் வேற சொல்றீங்க."

எட்டு நாள் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு ராத்திரி அவளுக்கு ஒரு முட்டை கூடுதலாகப் போனது.

அதற்குப் பிறகு பாதி வகுப்பு எனக்கு. ஃப்ரண்ட் கிராஸ் என்று ஒரு திருப்பம் இருக்கிறது: நாய் தாண்டி இறங்குவதற்குள் நாம் அதற்கு முன்னால் போய், அதைப் பார்த்தபடியே உடம்பைத் திருப்பி, காட்டும் கையை மாற்றி, அதன் மறுபக்கத்துக்கு வந்துவிட வேண்டும். படித்தால் மூன்று வரி. 47 வயதில், 84 கிலோவில் செய்து பார்த்தால் தெரியும். நாயை வைத்துக்கொண்டு நான் தப்புச் செய்தால் அவளுக்குத் தப்புதான் பழகும் என்பதால், நாய் இல்லாமல் தனியாகப் பழகினேன். விடியற்காலையில் ஒரு ஆள் மொட்டை மாடியில் ஓடுகிறான், சட்டென்று சுழல்கிறான், காற்றைப் பார்த்துக் கையை நீட்டி "ஹாப்" என்கிறான். எதிர்மாடியில் மிளகாய் காயப்போட வரும் அக்கா ஒரு வாரம் பார்த்தார்கள். பிறகு அம்மாவைக் கோயிலில் பார்த்து, "தம்பிக்கு உடம்புக்கு ஏதும் சரியில்லையா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

ஐப்பசி கார்த்திகை மழையில் மாடி கிடையாது. அந்த இரண்டு மாதமும் மோப்ப விளையாட்டு. போட்டிகளில் பிர்ச் மரம், சோம்பு, கிராம்பு என்று வாசனை எண்ணெய்களை ஒளித்துவைத்துத் தேடச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் கிராம்புதான் கைக்கு எட்டியது. துளை போட்ட எண்ட் கேப்பில் கிராம்பை வைத்து மூடி, கடையில் எல்போ பெட்டி, டீ பெட்டி, கப்ளிங் பெட்டி என்று வரிசையாக இருப்பதில் ஒன்றில் போட்டுவிட்டு அவளை விடுவேன். கண்ணை நம்பும் நாய்தானே என்று நினைத்திருந்தேன். மூன்றாம் நாளே பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். கடைப்பையனுக்குக் கூட முக்கால் இஞ்ச் எல்போ எந்தப் பெட்டி என்று கேட்காமல் எடுக்கத் தெரியாது. வீட்டில் மட்டும் ஒரு சிக்கல். அடுக்களைக்குள் போய் அஞ்சறைப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, யாராவது வந்து கறித் துண்டு கொடுக்கும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள். அம்மா, "தாளிக்கிற நேரம் பாத்து வந்து உக்காருதுலே, கணக்கா" என்கிறாள்.

அம்மாவுக்கு இந்த மாடி விவகாரத்தில் தொடக்கத்தில் இருந்தே வருத்தம். வத்தல் போடும் இடத்தில் பாதி போய்விட்டது. ஒப்பந்தம் பேசி, கிழக்குப் பாதி வத்தலுக்கு, மேற்குப் பாதி நாய்க்கு. போன ஞாயிற்றுக்கிழமை நான் கடையில் ஸ்டாக் எடுத்துக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்கு வானம் கறுத்து, காற்று கிளம்பியிருக்கிறது. கொத்தவரங்காய் வத்தல் மாடியில். அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறி, ஒரு தாம்பாளத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அடுத்த தாம்பாளத்துக்கு மேற்குப் பாதியின் ஓரமாகவே வேகு வேகு என்று நடந்திருக்கிறாள். மகள் ஜன்னலில் இருந்து பார்த்ததைச் சொன்னாள். அம்மாவுக்கு இணையாக மிளகு முதல் கம்பியைத் தாண்டினாளாம், இரண்டாவதையும், மூன்றாவதையும். அங்கே அம்மா தாம்பாளத்தைத் தரையில் வைக்க இடது பக்கம் திரும்பியிருக்கிறாள். மிளகும் இடது பக்கம் திரும்பிப் பலகையில் ஏறி, உச்சி தாண்டி, இறங்குகிற பக்கம் மஞ்சள் பெயிண்ட் அடித்த அடிப்பகுதியில் பின்னங்கால் இரண்டும் பலகையில், முன்னங்கால் இரண்டும் தரையில் என்று அப்படியே நின்றாளாம். மஞ்சளைத் தொடாமல் குதித்தால் போட்டியில் 5 புள்ளி தண்டம். என்னோடு ஓடும்போது மூன்றுக்கு இரண்டு தடவை குதித்துவிடுவாள்.

நான் வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், என்ன சொன்னாய், எந்தக் கையால் காட்டினாய் என்று கேட்டேன்.

"நான் எங்கலே சொன்னேன்? மழ வருதுன்னு நான் பாட்டுக்கு நடந்தேன். அது பாட்டுக்கு வந்துச்சு." தாம்பாளத்தைச் சாய்த்து வத்தலை டப்பாவில் கொட்டியவள், திரும்பிப் பார்க்காமலே கேட்டாள். "எறங்கிற எடத்துல நின்னுக்கிட்டு ரொம்ப நேரமா என்னையே பாத்துச்சே, அதுக்கு என்ன வேணுமாம்?"